ஒரே கப்பலில் மாவும் மருந்தும்

எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் டின்னுக்குத் தனி இடம் உண்டு. கிணற்றடிக்குப் பக்கத்தில், தாழ்வாரத்துக்கு வெளியே, ஒரு பழைய மரப்பெட்டிக்குள் இருக்கும். சின்ன வயதில் ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது அரிசிப் பையையும் மண்ணெண்ணெயையும் சைக்கிள் கேரியரில் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆயா முதுகில் வைத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டும் அரிசியில் வாடை போகவில்லை. கடைசியில் கோழிக்குப் போனது. கோழியும் தின்னவில்லை.

மண்ணெண்ணெய்க்கு வாடை இருந்தது, நாங்கள் தப்பித்தோம். ஆனால் பார்வைக்கும் மூக்கிற்கும் அகப்படாத விஷம் என்றால்?

புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தால் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஏதாவது ஓர் ஊருக்கு மாற்றல் வந்தே தீரும். எனக்கு மாஹே வாய்த்தது. அங்கே நான் குடியிருந்த வீட்டுக்காரர் வயதானவர், பிரெஞ்சும் தெரிந்தவர். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து அந்த மொழியிலேயே பேசிக்கொள்வோம். ஒரு நாள் பேச்சு கோதுமை மாவுக்கு வந்தது. 1958-க்குப் பிறகு பல வருஷம் தங்கள் வீட்டில் கடை மாவே வாங்கியதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் இந்தக் கதை முழுதாகத் தெரிந்தது. பிறகு நானும் தேடிப் படித்தேன்.

1958-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்கள். பம்பாயிலிருந்து கொச்சிக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் சரக்கறையில் கோதுமை மாவு மூட்டைகள். அதே அறையில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் ஏற்றியிருந்தார்கள். நம் ஊரில் அதை அந்தப் பெயரில் யாருக்கும் தெரியாது. 'பாலிடால்' என்றால் எல்லோருக்கும் தெரியும். யாராவது மருந்து குடித்துவிட்டார் என்று செய்தி வந்தால், எந்த மருந்தாக இருந்தாலும் நம் ஜனங்கள் பாலிடால் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாலிடால்தான்.

வழியில் மருந்து கசிந்தது. எண்ணெய் மாதிரியான திரவம். சாக்கு அதைக் குடித்துக்கொண்டது, சாக்கிலிருந்து மாவுக்குப் போனது. கரையில் இறக்கியவருக்கோ, வாங்கி விற்ற கடைக்காரருக்கோ, சப்பாத்தி தட்டிய பெண்ணுக்கோ ஒன்றும் தெரியவில்லை. மாவு மாவாகத்தான் இருந்தது. அடுப்புச் சூடு இந்த விஷத்தை முழுதாகப் போக்காது. சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் வடிதல், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குதல், கடைசியில் மூச்சு முட்டல். நரம்புக்கும் தசைக்கும் நடுவே தகவல் போய் முடிந்ததும் அதை அணைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. பாரத்தியான் அந்த நொதியை முடக்கிவிடும். மாற்றுமருந்து அட்ரோபின். உடனே ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் இது காலராவா, கெட்டுப்போன மீனா, வேறு எதுவா என்று புரிவதற்குள்ளேயே பலர் போய்விட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேரளத்தில் மட்டுமல்ல, அப்போதைய மதராஸ் மாநிலத்திலும் சாவுகள் நேர்ந்தன. அதனால்தான் மத்திய அரசு நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் அமைத்த விசாரணைக் கமிஷனின் பெயரிலேயே கேரளா, மதராஸ் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. நம் பக்கத்தில் இதை நினைவு வைத்திருப்பவர் எத்தனை பேர்? எனக்கே ஒரு மலையாளி சொல்லித்தான் தெரிந்தது.

இது யாருக்கும் தெரியாத ஆபத்து அல்ல. இரண்டு வருஷம் முன்பே, 1956-ல், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு கண்டது. விசாரித்தால், மாவு வந்த ரயில் பெட்டியில் அதற்கு முன்பு எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து ஏற்றப்பட்டுக் கசிந்திருக்கிறது. பெட்டியைக் கழுவாமல் மாவை ஏற்றிவிட்டார்கள். அங்கே யாரும் சாகவில்லை. ஒருவேளை அதனாலேயே உலகம் கவனிக்காமல் விட்டதோ என்னவோ. 1967-ல் கத்தாரின் தோஹாவில் மறுபடியும் கப்பல், எண்ட்ரின், மாவு. அதே வருஷம் நவம்பரில் கொலம்பியாவின் சிக்கின்கிரா ஊரில் ஒரு லாரியில் மாவும் பாரத்தியானும் ஒன்றாகப் போயின. காலை ரொட்டி தின்று இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

(பள்ளியில் எங்கள் முசியே 'சபிக்கப்பட்ட ரொட்டி' என்று ஒரு கதை சொல்வார். 1951-ல் தென் பிரான்சின் போன்-சேன்-தெஸ்ப்ரி ஊரில் ரொட்டி தின்றவர்கள் பலருக்குப் புத்தி பேதலித்தது. அதற்குக் காரணம் இதுதான் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

நம் நாட்டில் அந்தச் சாவுகளுக்குப் பிறகு பத்து வருஷம் கழித்துப் பூச்சிமருந்துச் சட்டம், 1968 வந்தது. அதற்கான விதிகள் 1971-ல். உணவுப்பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரடியாகப் படும்படி மருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது. வழியில் பொதி உடைந்து உணவோடு கலந்திருந்தால் சோதனை செய்யாமல் உரியவரிடம் விடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. டின்மேல் சாய்சதுரத்துக்குள் முக்கோணம், கொடிய விஷமென்றால் சிவப்பு நிறம், மண்டையோடு எல்லாம் அப்போது வந்தவை. கோப்புக்குள்ளேயே காலம் கழித்தவன் என்பதால் எனக்கு விதிகள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 2013-ல் பீகாரில் ஒரு பள்ளியின் மதியச் சாப்பாட்டில் 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ். அதுவும் பூச்சிமருந்துதான்.

இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மாஹேவுக்குப் போவதற்கு முன், எழுபதுகளில், ஒரு கிடங்கில் இருப்புச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். எந்த ஊர், எந்தக் கிடங்கு என்பது வேண்டாம். சுவரோரம் பலகையில் எலி, பூச்சிக்கான மருந்து டின்கள். அதற்கு நேர் கீழே கோதுமை மூட்டைகள். இரண்டு மூட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. காவலாளி, "மழை ஒழுக்கு, சார்" என்றார். ஓட்டைப் பார்த்தேன், ஒழுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். "பார்த்தேன், கோப்பில் வைக்கவும்" என்று திரும்பி வந்தது. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அந்த இரண்டு மூட்டைகளும் விநியோகத்துக்குப் போய்விட்டன. யாருக்கும் ஏதும் ஆனதாகக் கேள்விப்படவில்லை. மாஹே திண்ணையில் கொச்சிக் கப்பல் கதையைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த டின்மேல் துருவுக்கு நடுவே ஒரு முக்கோணம் இருந்தது ஞாபகம் இருக்கிறது. என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை.