லஸ் சர்ச் சாலையில் ஓர் இரசாயன அறிஞர்



மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் அமிர்தாஞ்சன் நிறுவனத்தை அறியாதவர் இலர். 1980 வாக்கில், கல்லூரி மாணவனாக நான் நாள்தோறும் அவ்வழியே நடந்தேன். உலகறிந்த இரசாயன அறிஞர் ஒருவர் அந்த மதிலுக்குள் ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் அறிந்தேனில்லை. அவரே டி. ஆர். கோவிந்தாச்சாரி.

1915இல் பிறந்த அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் ரோஜர் ஆடம்ஸ் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ந்து திரும்பி, தாம் பயின்ற கல்லூரியிலேயே இரசாயனப் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கினார். ஆஸ்துமாவுக்கு நாட்டு மருத்துவம் கையாளும் நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோபோரின் என்ற பொருளின் அமைப்பை அவரும் மாணவர்களும் அங்கேதான் துலக்கினர். 1960இல் பட்நாகர் பரிசு பெற்றார். அரசுக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1963இல் பம்பாய் கோரேகாவில் சீபா மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத் தலைமையை ஏற்றார். அங்கு நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சீன மரமொன்றில் காம்ப்டோதெசின் என்னும் பொருள் இருப்பதை 1966இல் வால், வானி என்ற இருவர் அமெரிக்காவிலிருந்து வெளியிட்டனர். புற்றுநோயைத் தாக்கும் பொருள் அது. 1972இல் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும், அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபீடிடா என்ற சிறுமரத்தில் மிகுதியாக இருப்பதைக் காட்டினர். நாற்றமுடையது என்பதே அவ்விலத்தீன் பெயரின் பொருள்! ஆயினும், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் அதன் கடுந்தீங்குகளுக்கு அஞ்சி அவ்வாண்டுகளிலேயே அதைக் கைவிட்டனர். உயிரணுவில் அது எந்த நொதியைத் தடுக்கிறது என்பது 1985இல் விளங்கிய பிறகே மறுவாழ்வு வந்தது. அதிலிருந்து பிறந்த டோபோடெகான், இரினோடெகான் ஆகிய இரண்டுக்கும் 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தேவை பெருகவே, நம் மலைகளில் அம்மரத்தை வெட்டிக் குவித்தனர் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பது ஆண்டுகள் நான் இரசாயனம் கற்பித்தவன். வோலரையும் கெகுலேயையும் வாய் ஓயாது சொன்னேன், கோவிந்தாச்சாரியைச் சொன்னதில்லை. "நம் ஊரில் யாரும் இப்படிச் செய்யவில்லையா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவியபோது, சர் சி. வி. இராமனைச் சொல்லிச் சமாளித்தேன். "அவர் பௌதிகம் அல்லவா?" என்றான். வகுப்பே சிரித்தது. பாடநூலில் இல்லை என்று அன்று என்னையே தேற்றிக்கொண்டேன்; அது சாக்கு என்பது எனக்குத் தெரியும்.

பம்பாயிலிருந்து மீண்ட அவர் அமிர்தாஞ்சனிலும், பிறகு கிண்டியில் ஸ்பிக் ஆய்வு நிலையத்திலும் பணியாற்றினார். எண்பதைத் தாண்டிய பின்னும் வேப்பங்கொட்டையிலுள்ள பொருள்களைப் பிரித்தெடுத்து, பூச்சிகள் அவற்றை ஏன் தீண்ட மறுக்கின்றன என்று ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். 2001இல் மறைந்தார்.