துண்டு, தகரம், ஈமெயில்: அனுப்பியது யார்?

தென்னிந்தியாவிலிருந்து மலையகத்துக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் பொறித்திருந்தது போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தொரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும், கடன் தொழிலாளியின் பின்னாலேயே வரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். தங்களைப் பற்றி எழுதிய அந்தச் சீட்டை நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொன்னவர் கங்காணி.

கடிதத்தின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் தபால் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறி வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்த கதை எந்த டிவிஷனில் கேட்டாலும் ஒன்று இருக்கும். அதனால் நம்மில் பலருக்கு, சொந்தப் பெயரில் கிடைத்த முதல் முகவரியே ஈமெயில்தான். அதில் வருவதை நம்பலாமா என்பது நமக்குச் சின்னக் கேள்வி இல்லை.

ஈமெயில் பிறந்தது ஒருவரையொருவர் தெரிந்தவர்களுக்குள். 1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பார்த்தார். 1978 மே மாதத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார், ஸ்பாமின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். 1982இல் ஜொன் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகள் வந்தன. அனுப்புகிறவர் தன் பெயர் என்று எதை எழுதினாலும் சேர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். கடித உறையின் பின்புறத்தில் யாருடைய பெயரையும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார் இல்லையா, அதே மாதிரிதான்.

ஆனால் தபாலகம் முத்திரை குத்தும். ஈமெயிலில் அந்த முத்திரை ஹெடரில் இருக்கிறது. ஜீமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" போனால் தெரியும். வழியில் உள்ள ஒவ்வொரு சேர்வரும் தன் "ரிசீவ்ட்" வரியை மேலே சேர்த்துக்கொண்டே போகும். அதனால் பயணத்தைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். ஒரு வரியில் அனுப்பிய கணினி சொல்லிக்கொண்ட பெயரும், வாங்கிய சேர்வர் உண்மையில் கண்ட ஐ.பி. இலக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெயர் பொய்யாக இருக்கலாம். நம் சேர்வர் தானே பதிந்த இலக்கத்தை நம்பலாம். அதற்குக் கீழே உள்ள வரிகளை ஏமாற்றுகிறவனே எழுதிச் சேர்த்திருக்க முடியும், அதையும் மறக்கக்கூடாது.

இந்தச் சோதனையைச் சேர்வரே செய்ய மூன்று ஏற்பாடுகள் வந்தன. 2006இல் வெளியான எஸ்.பி.எஃப்., ஒரு டொமைனின் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். 2007இல் டி.கே.ஐ.எம்., கடிதத்தில் இடும் மின் கையொப்பம். 2012இல் அறிவிக்கப்பட்ட டிமார்க், நம் கண்ணுக்குத் தெரியும் "ஃப்ரொம்" பெயர் இவை இரண்டில் ஒன்றோடாவது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் விட்டுவிடு, ஸ்பாமில் போடு, நிராகரி என்ற மூன்றில் ஒன்றை டொமைன்காரரே சொல்லி வைக்கலாம். "விட்டுவிடு" என்றே வைத்திருந்தால், காவல்காரர் கள்ளனைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு உள்ளே விடுகிற கதைதான். எடுத்தவுடன் "நிராகரி" போடவும் முடியாது: ஒருவர் மெயிலை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டால் எஸ்.பி.எஃப். உடையும், வழியில் கடிதத்தை மாற்றினால் கையொப்பம் உடையும். வருகிற அறிக்கைகளை வாசித்துத்தான் படிப்படியாக இறுக்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து, மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு ஜீமெயிலும் யாஹுவும் இந்த மூன்றையும் கட்டாயமாக்கின.

அப்போ பிரச்சினை முடிந்ததா? இல்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி யாரும் புது டொமைன் வாங்கலாம், மூன்று சோதனையிலும் அது "பாஸ்" ஆகும். அந்த "பாஸ்" சொல்வது மெயில் இந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை மட்டும்தான். டொமைன்காரர் நேர்மையானவரா என்பது அதில் இல்லை. துண்டில் இருந்த தொரையின் கையெழுத்தும் அசல்தான். அதற்காக அதில் எழுதியிருந்த கடன் நியாயமாகிவிடுமா?

2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டு வேலை தேடாத வீடு குறைவு. விசா கட்டணம் கேட்டு ஒரு மெயில் வந்தால், அதைத் திறந்து காட்டச் சொல்லி அம்மாவும் அப்பாவும் நம்மிடம்தான் போனை நீட்டுகிறார்கள். அன்று கங்காணி வாசித்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். "ஃப்ரொம்" வரியோடு நிறுத்தாமல் கீழே போய் வாசிப்போம். டொமைனை எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். பணம் கேட்டால், மெயிலில் உள்ள இலக்கத்தை விட்டு, நாமே தேடி எடுத்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்போம். அதைவிட முக்கியம், எப்படி வாசிப்பது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக்கொடுப்போம்.