ட்ராக் டே: சிறிய காருக்கு எந்த ரயர், எந்தச் சில்லு?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களை எமது மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிடைத்த ரயரை உள்ளே இருக்கும் கம்பி தெரியும் வரை ஓட்டிய காலம் அது. அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளில் சிலருக்கு, இன்று இலண்டனிலோ ரொறன்ரோவிலோ தாம் உழைத்து வாங்கிய காரை ஒரு நாளாவது பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் காலையில் தடத்துக்குப் போகும் அதே காரில்தான் மாலையில் வீட்டுக்கும் திரும்ப வேண்டும். சில்லும் ரயரும் தெரிவு செய்யும்போது மனதில் இருக்க வேண்டிய முதல் விடயம் இதுவே.

ட்ராக் டே என்றால் என்ன?

இது போட்டி அல்ல. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, பாதுகாப்பு விளக்கத்தைக் கேட்டபின் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள். வெற்றி தோல்வி கிடையாது. முன்னால் செல்பவர் இடம் கொடுத்தால் மட்டுமே முந்தலாம். தென்கிழக்கு இலண்டனுக்கு அப்பால் கென்ற் பகுதியில் உள்ள பிரண்ட்ஸ் ஹட்ச் இதற்குப் பெயர் பெற்ற இடம். அதன் குறுகிய தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 1.9 கிலோமீற்றர்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இலங்கை வீதிகளில் 'ஃபிற்' என்று அறியப்படும் ஹொண்டா கார் பிரித்தானியாவில் 'ஜாஸ்' என்ற பெயரில் விற்பனையானது. அதன் முதல் தலைமுறைக் கார் ஏறத்தாழ ஒரு தொன் எடை கொண்டது. முன்சில்லுகளே காரை இழுக்கின்றன. அமெரிக்காவில் பி-ஸ்பெக் என்ற சிறிய கார்களுக்கான போட்டிப் பிரிவில் ஃபிற் ஓடியிருக்கிறது. ஆகவே இது தடத்துக்கு ஒவ்வாத கார் அல்ல.

பணம் முதலில் ரயருக்கு

காருக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள தொடர்பு, நான்கு உள்ளங்கை அளவு இறப்பர் மட்டுமே. பிறேக்கும் எஞ்சினும் ஸ்ரியறிங்கும் செய்யும் வேலை எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகவே நிலத்தைச் சேர்கிறது. பார்வைக்கு அழகான பெரிய சில்லுகளை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் மலிவான ரயர் பூட்டுவதே புதியவர்கள் பலர் செய்யும் தவறு.

ட்ராக் டேக்குப் பொருத்தமான ரயர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, நல்ல தரமான கோடைகால வீதி ரயர். மிச்லின் பைலட் ஸ்போர்ட் வரிசை இதற்கு உதாரணம். மழையிலும் நம்பலாம். முதல் இரண்டு மூன்று தடவைகள் தடத்துக்குப் போகிறவருக்கு இதுவே போதும். பிடி தளரும்போது ஒரேயடியாக வழுக்காமல், முனகலோடு முன்கூட்டியே எச்சரிக்கும்.

இரண்டாவது, வீதிக்கும் தடத்துக்கும் இடைப்பட்ட ரயர். ஹன்கூக் வென்ரஸ் ஆர்எஸ்4 போன்றவை இவ்வகை. சூட்டைத் தாங்கும். ஆனால் சத்தம் கூட, குளிரில் பிடி குறைவு.

மூன்றாவது, அரைச் சிலிக் எனப்படும் ரயர். ரொயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 போன்றவை. வீதியில் ஓட்ட அனுமதி உள்ள வடிவங்களில் கிடைத்தாலும், தண்ணீரை வெளியேற்றும் வெட்டுகள் இவற்றில் குறைவு. உலர்ந்த தடத்தில் காட்டும் பிடியை, தேங்கிய மழைநீரில் இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. அந்த இடத்தில் ரயர் நிலத்தை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும்.

குளிர்கால ரயருடன் தடத்துக்குப் போகவே வேண்டாம். அதன் மென்மையான இறப்பர் சூட்டில் கட்டி கட்டியாகப் பிய்ந்துவிடும்.

அமெரிக்கச் சந்தைக்கான ரயர்களின் பக்கத்தில் தேய்மான எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அன்றாடப் பயண ரயர்களில் அது 500ஐத் தாண்டுவதுண்டு. இடைப்பட்ட ரயர்களில் 200 அளவிலும், அரைச் சிலிக்கில் 100 அளவிலும் அதற்குக் கீழேயும் இருக்கும். எண் குறையக் குறைய ரயர் விரைவாகத் தேயும், பொதுவாகப் பிடி கூடும். ஆனால் இந்த எண்ணை வழங்குவது உற்பத்தியாளரே என்பதால், இரு நிறுவனங்களின் ரயர்களை இதை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

ரயரின் பக்கத்தை வாசிப்பது எப்படி?

195/50ஆர்15 82வி என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தின் 50 வீதம். பொருந்தும் சில்லின் விட்டம் 15 அங்குலம். 82 என்பது ஒரு ரயர் 475 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கும் எண். வி என்ற எழுத்து மணிக்கு 240 கிலோமீற்றர் வரையான வேகத்துக்கு உரியது. காரின் கையேட்டில் உள்ள சுமை எண்ணுக்குக் குறைந்த ரயரை ஒருபோதும் பூட்டக் கூடாது.

டி.ஓ.டி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் ரயரின் பிறந்த நாள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெட்டு ஆழமாக இருந்தாலும், வயது போன இறப்பர் இறுகிப் பிடியை இழந்துவிடும். ஐந்து ஆண்டுகளின் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுகளுக்கு மேல் பாவிக்கக் கூடாது என்றும் மிச்லின் போன்ற உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். தடத்தில் ஓடும் ரயருக்கு அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

எந்த அளவு?

முதல் தலைமுறை ஜாஸின் வழமையான அளவு 175/65ஆர்14. அதன் முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீற்றர். 14 அங்குலத்தில் தடத்துக்கேற்ற ரயர்கள் அரிது. 15 அங்குலத்தில் தெரிவு அதிகம். 195/50ஆர்15 பூட்டினால் விட்டம் 576 மில்லிமீற்றர், அதாவது ஒரு வீதமளவில் குறைவு. 205/50ஆர்15 என்றால் 586 மில்லிமீற்றர். இரண்டிலும் வேகமானி பெரிதாகப் பிழைக்காது.

17 அங்குலத்துக்குப் போவதால் தடத்தில் நன்மை இல்லை. பெரிய பிறேக் பூட்டினால் ஒழிய அந்த இடம் தேவைப்படாது. பாரம் கூடும், ரயரின் விலையும் கூடும். பக்கச் சுவர் மெலிந்திருப்பதால் வீதிக் குழியில் விழுந்தால் றிம் நெளியும்.

சில்லில் பார்க்க வேண்டியவை

பாரம்: சில்லின் எடை ஸ்பிரிங்குக்கு வெளியே தொங்கும் எடை. அது குறைந்தால் ரயர் மேடு பள்ளங்களை விடாமல் பின்தொடரும். இலேசான 15 அங்குலச் சில்லு ஒன்று 5 முதல் 6 கிலோ அளவில் இருக்கும். மலிவான 17 அங்குலச் சில்லு 9, 10 கிலோ வரை போகும்.

நட் துளைகள்: ஜாஸில் நான்கு துளைகள், 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்தவை. நடுத்துவாரம் 56.1 மில்லிமீற்றர். வாங்கும் சில்லின் நடுத்துவாரம் பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும். பிறேக் சூட்டில் பிளாஸ்ரிக் வளையம் உருகக் கூடும் என்பதால் அலுமினிய வளையமே நல்லது.

நட்: ஹொண்டாவின் சொந்தச் சில்லுகளுக்கு உருண்டை அடி கொண்ட நட். வெளியில் வாங்கும் சில்லுகள் பெரும்பாலும் கூம்பு அடி நட்டுக்கு உரியவை. பழைய நட்டைப் புதிய சில்லில் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் சரியாகப் பதிந்திருக்காது. ஓடும்போது சில்லு கழன்றுபோக இந்தச் சிறு கவனக்குறைவு போதும்.

ஓஃப்செற்: சில்லு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கும் என்பதைக் காட்டும் அளவு. இந்த எண் குறைந்தால் சில்லு வெளியே தள்ளி மட்காட்டில் உரசும். கூடினால் உள்ளே ஷொக் அப்சோர்பரில் முட்டும். ஓஃப்செற்றை மாற்றாமல் றிம்மின் அகலத்தை ஓர் அங்குலம் கூட்டினால் இருபுறமும் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் கூடும். 195/50ஆர்15 ரயருக்கு 5.5 முதல் 7 அங்குல அகல றிம் பொருந்தும். ஜாஸுக்கு 6.5 அங்குலம் நடுவான தெரிவு.

பழைய சில்லு வாங்கினால் வெடிப்பு, ஒட்டு, நெளிவு உள்ளதா என்று கராஜில் சுழற்றிப் பார்க்க வேண்டும். யப்பானியச் சில்லுகளில் ஜே.டபிள்யூ.எல் என்ற குறி இருக்க வேண்டும். அக்குறி போலியாகவும் பொறிக்கப்படுவதால், தெரிந்த விற்பனையாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

காற்று: செலவில்லாத திருத்தம்

ஓட ஓட ரயர் சூடாகி உள்ளே காற்றழுத்தம் ஏறும். காலையில் குளிர்ந்த நிலையில் 32 பி.எஸ்.ஐ இருந்த ரயர், கால் மணிநேர ஓட்டத்தின் பின் 39 வரை ஏறலாம். அளவு மீறினால் ரயர் நடுவில் புடைத்துப் பிடி குறையும். ஆகவே தடத்திலிருந்து வந்தவுடன் அளந்து, சிறிது காற்றை வெளியேற்றுவார்கள்.

பலர் மறப்பது அடுத்த கட்டத்தை. சூட்டில் 39இலிருந்து 34க்குக் குறைத்த ரயர், ஆறியபின் 27 அல்லது 28இல் நிற்கும். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி ரயர் வெடிக்கக் கூடும். ஒரு காற்றுப் பம்பும் ஓர் அளவுமானியும் காரில் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. ரயர் ஆறும்வரை காத்திருந்து, கதவோரத் தாளில் உள்ள அளவுக்குக் காற்று நிரப்பிய பின்னரே புறப்பட வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் ரயர்களைப் பார்வையிடுங்கள். பிரண்ட்ஸ் ஹட்ச்சில் கடிகார முள் திசையில் ஓடுவதால் வலப்புற வளைவுகளே அதிகம். பாரம் இடப்பக்கம் சாயும். முன்சில்லால் இழுக்கும் காரில் இடது முன் ரயரின் வெளி ஓரமே முதலில் தேயும். நட்டுகளை, சில்லு ஆறியபின், ரோர்க் றென்ச்சால் ஜாஸுக்குரிய 108 நியூற்றன் மீற்றருக்கு மீண்டும் சரிபார்க்க வேண்டும். பிடி கூடிய ரயர் பிறேக்கிடமும் கூடுதல் வேலை வாங்கும். பிறேக் எண்ணெயைப் புதிதாக மாற்றாமல் தடத்துக்குப் போகாதீர்கள்.

சட்டமும் காப்புறுதியும்

பிரித்தானியாவில் வெட்டின் ஆழம் ரயரின் நடு முக்கால் பகுதியில் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. காலையில் 3 மில்லிமீற்றருடன் போன மென்மையான ரயர் மாலையில் அந்த எல்லையை நெருங்கியிருக்கலாம். சில்லு மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். வழமையான வாகனக் காப்புறுதி பெரும்பாலும் பந்தயத் தடத்தில் நடக்கும் விபத்தை ஏற்காது. அதற்கெனத் தனிக் காப்புறுதி உண்டு. ஜேர்மனியில் வாகனப் பத்திரத்தில் இல்லாத சில்லு, ரயர் அளவுக்கு உரிய அங்கீகாரம் இல்லாவிட்டால் கார் வீதியில் ஓடும் அனுமதியையே இழக்கும்.

சுருக்கமாக

முதலில் நல்ல வீதி ரயர். பின்னர் புதிய பிறேக் எண்ணெய். அதன்பின் இலேசான 15 அங்குலச் சில்லு. அரைச் சிலிக் ரயரை, ஓட்டும் கை பழகிய பின், மாற்றிப் பூட்ட இன்னொரு தொகுதிச் சில்லு இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கம்பி தெரியும் வரை ரயர் ஓட்டியது எமது பெற்றோரின் விருப்பம் அல்ல, அவர்கள் மேல் சுமத்தப்பட்ட நிலை. இன்று தெரிவு எமது கையில் இருக்கிறது. சில்லின் பளபளப்புக்குக் கொடுக்கும் பணத்தை ரயருக்குக் கொடுங்கள். மாலையில் புறப்படுமுன் காற்றைப் பாருங்கள். வீட்டில் ஒருவர் உங்களுக்காகக் காத்திருப்பார்.