ஏக்கருக்கு ஒரு ரூபாய்

கொடி காப்பாற்றவில்லை.

சென்ற வாரம் சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். விடியும் நேரம். ஷயான் பூர்வகுடித் தலைவர் பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியை ஏற்றிவிட்டு, பயப்படாதீர்கள் என்று தன் மக்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். எதிரே கர்னல் சிவிங்டனின் குதிரைப்படை.

சுட்டார்கள்.

செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கேப்டன் சைலஸ் சோல் தன் ஆட்களைச் சுடவிடாமல் நிறுத்திவைத்தார். பிறகு நடந்ததை நடந்தபடியே சாட்சி சொன்னார். சில மாதங்களில் டென்வர் தெருவில் அவரையே சுட்டுக் கொன்றார்கள். பிளாக் கெட்டில் அன்று தப்பினார். நான்கே வருடம். வாஷிடா ஆற்றங்கரையில் கஸ்டரின் படை அவரையும் முடித்தது.

இவ்வளவும் துப்பாக்கியால் நடந்தது. துப்பாக்கி சத்தம் போடும், ஊருக்குத் தெரியும். சத்தமே இல்லாமல் நிலம் கை மாறும் வித்தை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வாசகர்களே, தினமும் ராத்திரி நம் தண்டவாளத்தில் தடதடவென்று ஓடும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மனசால் ஏறிக்கொள்ளுங்கள். விடிந்தால் மேட்டுப்பாளையம். அதற்கு மேலே மலை.

மலைமேல் ஒரு கலெக்டர் காத்திருக்கிறார். சட்டைப்பையில் ரூபாய்.

பெயர் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சென்னையில் வந்து இறங்கியபோது மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். இப்போது முப்பத்து நான்கு வயது. நீலகிரியை அவர் 'கண்டுபிடித்தார்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தோடர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் என்று இத்தனை பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையை ஒருவர் கண்டுபிடித்தாராம்! சரி, அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.

சல்லிவனுக்கு முன்னால் ஏறியவர்கள் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும். புகையிலைக் கடத்தல்காரன் ஒருவனைத் துரத்திப் போனார்கள் என்று சொல்வார்கள். திரும்பி வந்து அவர்கள் அளந்த கதையில் குளிர் இருந்தது, புல்வெளி இருந்தது, இங்கிலாந்து போலவே ஒரு தேசம் இருந்தது. 1819 ஜனவரியில் சல்லிவனே ஏறினார். கூடவே லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். உடம்பு நைந்து போன மனிதர். மலைக்காற்று பட்டதும் எழுந்து நடமாடினார்.

அந்தக் காட்சியிலேயே சல்லிவன் விழுந்துவிட்டார் என்பது என் கணிப்பு. சமவெளியில் கம்பெனி ஆட்கள் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கே நம் பூந்தமல்லி போன்ற முகாம்களில் வெள்ளைச் சிப்பாய்க்கு வெயிலே பாதி எமன். மேலே ஒரு மலை, ஏறினால் உயிர் பிழைக்கலாம். யாருக்குத்தான் ஆசை வராது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா கட்டினார். கன்னேரிமுக்கில் அது இன்று நினைவகமாக நிற்கிறது. சிறுமுகையிலிருந்து மேலே பாதை போட ஏற்பாடு செய்தார். ஆனால் அவர் கண் இன்னும் உள்ளே, இன்னும் மேற்கே போய்விட்டது.

ஒத்தக்கல்மந்து. இன்றைய ஊட்டி.

வட்டமாகக் குன்றுகள். நடுவில் புல்வெளி. ஓரத்தில் சோலை, சோலையிலிருந்து ஒழுகும் ஓடை. புல்லின் நடுவே பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போலச் சில குடில்கள். வாசல் அவ்வளவு சிறிசு, குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பக்கத்தில் எருமைப் பட்டி. சற்றுத் தள்ளி, ஊர்க்காரர்களே நினைத்தபடி நெருங்க முடியாத பால்மனை. தோடர்களுக்கு அதுதான் கோயில், அங்கே பால் கடைபவர்தான் பூசாரி.

எருமைதான் அவர்களுக்கு எல்லாம். வேட்டை கிடையாது. இறைச்சி பழக்கம் இல்லை. உழவு இல்லை. நெய் கொடுத்தால் படகர்களிடமிருந்து தானியம் வரும். கோத்தர்களிடமிருந்து பானையும் இரும்பும் இசையும் வரும். குறும்பர்களிடமிருந்து தேனும், கூடவே கொஞ்சம் மந்திர பயமும் வரும். செத்தால்கூட எருமையோடுதான் மேலுலகம் போக வேண்டும். அந்த மேலுலகம் மேற்கே இருக்கிறது என்பது தோடர் நம்பிக்கை. அமெரிக்கச் சமவெளியில் பைசன் எருமை இல்லாமல் லக்கோட்டா பூர்வகுடிகள் இல்லை என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, இங்கேயும் அதே கதை. அங்கே எருமையைச் சுட்டார்கள். இங்கே எருமையைத் தொடவே இல்லை. புல்லை மட்டும் வாங்கினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புல் காயும் மாதங்களில் தோடர்கள் பட்டியைக் கிளப்பிக்கொண்டு குந்தாப் பக்கம் போய்விடுவார்கள். மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, வெறிச்சோடிக் கிடக்கும். மழை திரும்பினால் அவர்களும் திரும்புவார்கள். அந்தப் பக்கம் குதிரையில் வரும் துரைக்கு என்ன தெரியும்? ஆளில்லாத குடில், உழாத நிலம், வேலி இல்லாத வெளி.

கன்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் வண்டி கட்டி வந்தவர்கள் கண்ட அதே 'காலி நிலம்'.

இப்போது அந்த நேரத்துக்கு வருவோம். 1822. ஒத்தக்கல்மந்துப் புல்வெளியில் தோடர்களும் கலெக்டரும். சல்லிவனுக்கு அங்கே கல்லால் ஒரு வீடு கட்ட வேண்டும். அவர் ஒரு மாவட்டத்தின் ராஜா மாதிரி. கை காட்டினால் போதும், அந்த இடம் கம்பெனியுடையது. கேட்பார் யாருமில்லை.

அவர் கை காட்டவில்லை. விலை கொடுத்தார்.

ஏக்கருக்கு ஒரு ரூபாய்.

இந்த ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு இருநூறு வருடமாக இரண்டு கட்சி சண்டை போடுகிறது. 'ஏமாற்றிப் பறித்துவிட்டான்' என்பது ஒரு கட்சி. 'அந்தக் காலத்தில் பழங்குடிக்குக் காசு கொடுத்து நிலம் வாங்கிய நியாயஸ்தன்' என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே போதவில்லை. அந்த ரூபாய் கை மாறிய நேரத்தில் இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் வண்டவாளம் புரியும்.

தோடர் பக்கம் மந்தும் மேய்ச்சலும் குலத்துக்குப் பொது. ஒருவர் எழுந்து 'இது என்னுடையது, எடுத்துக்கொள்' என்று சொல்ல முடியாது. மலையில் வந்து குடியேறிய படகர்கள் விளைச்சலில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தோடர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். குடு என்று அதற்குப் பெயர். ஆக, இன்னொருவர் வந்து நம் மண்ணில் இருப்பது தோடர்களுக்குப் புதிதல்ல. வந்தவர் இருப்பார், வருஷா வருஷம் கொடுப்பார், உறவு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே தடவை கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுவது என்பது அந்த உலகத்தில் இல்லாத சங்கதி. இந்தத் துரையும் இன்னொரு படகர் மாதிரி என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பென்ன?

சல்லிவன் பக்கம் வேறு கணக்கு. படகர்கள் தோடர்களுக்குப் பங்கு கொடுக்கிறார்கள் என்றால் தோடர்கள்தானே மண்ணின் சொந்தக்காரர்கள்? கம்பெனிக்கு இதில் உரிமை ஏது? இதை அவர் அன்று மட்டும் சொல்லவில்லை. பல வருடம், மேலிடத்தோடு மோதி, பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு கம்பெனி அதிகாரி தன் கம்பெனிக்கு எதிராகவே, 'நிலம் மலைக்காரர்களுடையது' என்று எழுதுவது சாதாரணத் துணிச்சல் இல்லை.

கை தட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

வானகரம் பக்கம் அரை கிரவுண்டு வாங்கப் போனாலும் நாம் முதலில் என்ன கேட்போம்? மூலப்பத்திரம். விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டா? இல்லையென்றால் கொடுத்த காசும் போச்சு, நிலமும் போச்சு. சல்லிவன் நிலைமையும் அதேதான். ஒத்தக்கல்மந்தில் அவர் வளைத்தது ஒரு வீட்டு மனை மட்டுமல்ல, பெரும் பரப்பு. தோடர்கள் சொந்தக்காரர்கள் என்றால் அவர் வாங்கியது செல்லும். அரசாங்கம்தான் சொந்தக்காரர் என்றால் அவரே ஆக்கிரமிப்பாளர்!

தோடர்களின் உரிமைக்காக அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் தன் பத்திரத்துக்கும் போட்ட கையெழுத்து. எனக்கு சல்லிவனைப் பிடிக்கும். அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. நல்ல மனசும் சொந்த லாபமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் குடியிருக்கும். நிலம் பறிபோன கதைகளில் கொடியவனைவிட இப்படிப்பட்டவரைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன்.

வீடு எழுந்தது. ஊட்டியின் முதல் வீடு. மலைக்காரர்கள் கல் பங்களா என்றார்கள். இன்றைக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது, போனால் பாருங்கள்.

கல் பங்களா வேலை முடிந்த அதே 1823. கடலுக்கு அப்பால், வாஷிங்டன் நகரம். உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஜான்சன் என்பவர் பியாங்கஷா இந்தியர்களிடம் நேரடியாகக் காசு கொடுத்து நிலம் வாங்கியிருந்தார். மெக்கின்டாஷ் என்பவர் அதே பகுதியில் அமெரிக்க அரசிடம் வாங்கியிருந்தார். யாருடையது செல்லும்?

தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். பூர்வகுடிகளுக்கு அந்த மண்ணில் குடியிருக்கும் உரிமை உண்டு. ஆனால் முழு உரிமை, 'கண்டுபிடித்த' ஐரோப்பிய அரசுக்கும் அதன் வாரிசான அமெரிக்காவுக்கும்தான். தனியாருக்கு விற்கப் பூர்வகுடிகளால் முடியாது. ஜான்சனின் பத்திரம் செல்லாது.

ஒரு குண்டு வெடிக்கவில்லை. பிற்பாடு மேற்கே கிளம்பிய ஒவ்வொரு குடியேற்ற வண்டியின் அடியிலும் இந்தத் தீர்ப்பு அச்சாணியாக இருந்தது.

ஊட்டியில் இருந்த சல்லிவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் மும்முரமாக இருந்தார். உருளைக்கிழங்கு போட்டார், ஐரோப்பியக் காய்கறி போட்டார். கோயம்பேட்டில் இன்று வந்து இறங்கும் ஊட்டி கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. ஓடையை மறித்து ஏரி வெட்டினார். நாம் படகு விடுகிறோமே, அந்த ஏரிதான். சிறுமுகையிலிருந்து பாதை மேலே வந்து சேர்ந்தது. அந்தப் பாதையில் ஆட்களும் சாமானும் ஏறினார்கள். ரொம்பக் காலம் கழித்து அதே சிறுமுகைக்கு மலையிலிருந்து வேறொன்று இறங்கியது. மேய்ச்சல் நிலத்தில் நட்டு வளர்த்த யூகலிப்டஸும் சீகையும், விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழாக. புல்வெளி போனால் எருமை போகும். 1871 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே 693 பேர். பின்னால் வரப்போகும் வாரங்களுக்கான சமாச்சாரத்தை முந்திச் சொல்லிவிட்டேன், போகட்டும்.

கவர்னர் தாமஸ் மன்றோ 1826-ல் ஊட்டிக்கு வந்தார். சல்லிவனிடம் தங்கினார். குளிர் அவருக்கும் பிடித்தது. மன்றோ இருக்கும்வரை சல்லிவனுக்குப் பெரிய தலைவலி இல்லை. மறு வருடம் மன்றோ காலராவில் போய்ச் சேர்ந்தார்.

சில மாதங்கள். அக்டோபரில் புதிய கவர்னர் பொறுப்பேற்றார்.

ஸ்டீபன் ரம்போல்ட் லூஷிங்டன்.

பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்து ஜாக்சன் துரையை மறந்திருக்க மாட்டீர்கள். ஜாக்சனை மாற்றிவிட்டு 1799-ல் தெற்கத்திப் பாளையங்களுக்குக் கலெக்டராக வந்தவர் இவர்தான். என்னை வந்து பார் என்று கட்டபொம்மனுக்கு ஓலை மேல் ஓலை அனுப்பியவர். அந்த வருடம் கயத்தாறில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரல் ஹாரிஸ், இவருடைய மாமனார்.

மண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு இந்தக் குடும்பம் எப்போதுமே ஒரே பதில்தான் வைத்திருந்தது.

லூஷிங்டன் ஊட்டிக்கு வந்தார். அவருக்கு அங்கே தோடரும் தெரியவில்லை, குடுவும் தெரியவில்லை. வெள்ளைப் படைக்கு ஓர் ஆரோக்கிய முகாம் தெரிந்தது. மேஜர் கெல்சோ என்பவரை அதிகாரியாக உட்கார வைத்தார். செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் எழுந்தது. உத்தரத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாமனார் பிடித்த அதே ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து, திப்புவின் மாளிகையைப் பிரித்து.

பாதி மலையை வளைத்துக்கொண்டு, நிலம் தோடருடையது என்று வாதாடும் ஒரு கலெக்டர். எல்லாம் அரசாங்கத்துடையது என்று நினைக்கும் ஒரு கவர்னர். ஊட்டி சின்ன ஊர். இரண்டு பேருக்கும் இடம் பற்றாது.

1830-ல் லூஷிங்டனின் அரசு ஓர் உத்தரவு போட்டது. கலெக்டரை மாற்றவில்லை. மலையையே மாற்றிவிட்டது! ஊட்டியைக் கோயம்புத்தூரிலிருந்து வெட்டி மலபார் மாவட்டத்தோடு ஒட்டியது. அதே 1830 மே மாதம் வாஷிங்டனில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே கிளப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூர் கலெக்டர் கோயம்புத்தூரிலேயே இருக்க, அவர் வாங்கிய ஊட்டி மட்டும் கள்ளிக்கோட்டைக்குப் போனபோது, ஒத்தக்கல்மந்துத் தோடர்கள் யார் கதவைத் தட்டுவார்கள்? அதையும் அப்போது சொல்கிறேன்.