குடலை வெட்டினால் வலிக்குமா?

விரலில் முள் குத்தினால் வலிக்கிறது. குடலை வெட்டினால்? வலிக்காது என்றுதான் ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களே சொன்னார்கள்!

அது வெறும் ஊகம் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, பழைய காயத்தால் நெஞ்சில் துவாரம் விழுந்த ஓர் இளைஞனின் இதயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டதே அவனுக்குத் தெரியவில்லை. 1900களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் லென்னாண்டர், தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே வயிற்றைத் திறந்தார். குடலை வெட்டியபோதும் சுட்டபோதும் நோயாளிக்கு வலிக்கவில்லை. உள்ளுறுப்புகளுக்கு வலியே தெரியாது என்று முடிவு கட்டினார்.

அப்படியானால் வயிறு வீங்கிப் புண்ணானவர்கள் ஏன் துடிக்கிறார்கள்?

விடையின் ஒரு பகுதி நியூயார்க்கில் கிடைத்தது. 1895இல், 9 வயதில், கொதிக்கும் சூப்பைக் குடித்ததால் 'டாம்' என்பவருக்கு உணவுக்குழாய் அடைத்துப் போனது. வயிற்றில் போட்ட துளை வழியாகவே அவர் வாழ்நாள் முழுதும் சாப்பிட்டார். ஸ்டூவர்ட் வுல்ஃப், ஹரால்ட் வுல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் அந்தத் துளை வழியே இரைப்பையைப் பார்த்து, 1943இல் நூலாக வெளியிட்டார்கள். நலமாக இருந்த உட்சவ்வைக் கிள்ளினால் டாமுக்கு வலிக்கவில்லை. அதே சவ்வு சிவந்து வீங்கியிருந்தபோது கிள்ளினால் வலித்தது!

லென்னாண்டர் பார்த்ததும் பொய்யில்லை, நோயாளி துடித்ததும் பொய்யில்லை. நடுவில் இருந்தது அழற்சி.

அழற்சியின்போது பிராடிகினின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் சுரந்து நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண நாட்களில் உறங்கும் சில நரம்பிழைகள் அழற்சி வந்தால் விழித்துக்கொள்வதை, 1990இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பூனையின் சிறுநீர்ப்பையில் கண்டார்கள்.

அழற்சி ஆறினாலும் சிலருக்கு அந்தக் கூர்மை போவதில்லை. சீதபேதி குணமான பிறகும் வயிற்றுவலி தொடர்ந்தவர்களைப் பற்றி 1962இலேயே ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் எழுதினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள்.

கண்ணுக்குப் புண் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. நரம்பு மறக்காமல் இருக்கலாம் அல்லவா?