1 லிட்டர் எண்ணெய் 1 கிலோ கிடையாது! பாக்கெட்டில் எத்தனை கிராம் இருக்கணும்? ஈசியா கணக்குப் போடலாம்

1 லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 1 கிலோ வராது. 'அளவில் ஏமாத்திட்டாங்களோ' என்று உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். லிட்டர் வேறு, கிலோ வேறு.

என்ன வித்தியாசம்?

எண்ணெய் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைச் சொல்வது லிட்டர். இது கன அளவு. கிலோ என்பது நிறை. பேச்சு வழக்கில் இதைத்தான் எடை என்கிறோம். இரண்டையும் இணைப்பது அடர்த்தி, அதாவது 1 மில்லி லிட்டர் திரவம் எத்தனை கிராம் என்ற கணக்கு.

1 மில்லி லிட்டர் எத்தனை கிராம்? (சுமார்)

* தண்ணீர் - 1
* பால் - 1.03
* சமையல் எண்ணெய் - 0.91
* தேன் - 1.4

எப்படி கணக்கிடுவது?

நிறை = அடர்த்தி × கன அளவு. அவ்வளவுதான்!

1 லிட்டர் எண்ணெய்: 0.91 × 1000 = 910 கிராம்
அரை லிட்டர்: 0.91 × 500 = 455 கிராம்

இதில் காசு எங்கே இருக்கு?

ஒரு கடையில் எண்ணெய் 1 கிலோ 150 ரூபாய், இன்னொரு கடையில் 1 லிட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 140 ரூபாய்தான் மலிவு என்று தோன்றும். ஆனால், அதில் இருப்பது 910 கிராம்தான். 140-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ விலை சுமார் 154 ரூபாய்! டின் வாங்கும்போதும் இதே கதைதான். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். 15 கிலோ டின்னைவிட இது 1.35 கிலோ குறைவு.

சூடானால் கணக்கு மாறும்!

சூடானால் எண்ணெய் விரியும், அடர்த்தி குறையும். 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு '1 லிட்டர்' என்று அச்சிட்டால், உள்ளே எண்ணெய் குறைவாக இருக்கும். இதனால்தான், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கன அளவையும், அதற்குரிய நிறையையும் அச்சிடுமாறு மத்திய அரசு 2022-ல் எண்ணெய் நிறுவனங்களிடம் கூறியது. இதற்கு 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தரப்பட்டது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பாக்கெட்டில் லிட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கிராம் கணக்கைப் பாருங்கள். வீட்டில் எடை போட்டால் கவரின் எடையைக் கழித்துவிடுங்கள். அதன் பிறகும் அச்சிட்டதைவிடக் குறைந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.