ராத்திரி ஆனா பாதம் எரியுதா? தூக்கத்தைப் பறிக்கும் நரம்பு வலி!

பகலில் ஆபீஸ், கடை, வீட்டு வேலை என்று ஓடும்போது பெரிதாகத் தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்ததும் ஆரம்பிக்கும். பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிச்சல், ஊசி குத்துவது போல 'சுருக் சுருக்'கென்று வலி. சிலருக்குப் போர்வை பட்டாலே தாங்காது. 'வயசானா தூக்கம் வராதுப்பா' என்று அப்பாவோ அம்மாவோ சொல்லிவிட, நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

3 மாதங்களைத் தாண்டியும் விடாத இந்த நரம்பு வலிக்கு நம் ஊரில் முக்கியமான காரணம் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் கெட்டுப்போகும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவைதான். அதனால் முதல் அடியும் அங்கேதான்.

சரி, ஏன் ராத்திரியில் மட்டும் இந்தப் பாடு? பகலில் பேச்சு, நடை, வேலை என்று மூளைக்கு ஆயிரம் சமாசாரம். அதெல்லாம் அடங்கியதும் நரம்பு அனுப்பும் தப்பான சிக்னல்தான் மிச்சம். வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் கார்ட்டிசால் ஹார்மோனும் நள்ளிரவை ஒட்டிக் குறைவாகவே இருக்கும்.

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் கூடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு ராத்திரி தூங்கவிடாமல் வைத்து, காலில் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நாளைவிடக் குறைந்த சூடே அவர்களுக்கு வலித்தது. மூளையில் வலியை உணரும் பகுதி அதிகமாக வேலை செய்ய, வலியைத் தணிக்க உதவும் பகுதிகள் மந்தமாகிவிட்டன. 2019-ல் வெளியான ஆய்வு இது. தூக்கம் குறைந்தால் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது, சர்க்கரையும் ஏறும்.

அதனால் டாக்டரிடம் 'கால் எரியுது' என்று மட்டும் சொன்னால் போதாது. ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. சாதாரண பாராசிட்டமால் நரம்பு வலியைப் பெரும்பாலும் அசைக்காது. பிரீகாபலின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் கொடுப்பார்கள். இங்கேதான் நம் தலைமுறை ஒரு காரியம் பண்ணும். கூகுள் பார்த்துவிட்டு, 'இது டிப்ரஷன் மாத்திரைம்மா, போடாதே' என்று நிறுத்திவிடும். அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் ராத்திரி கொடுப்பது வலிக்காகத்தான், தூக்கமும் வரும். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். நீங்களாக நிறுத்தவும் கூடாது, மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் கூடாது. மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு பி12 குறைந்தும் இதே எரிச்சல் வரலாம். அதையும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்கள்.

இதமாக இருக்கிறதே என்று வெந்நீரில் காலை வைப்பது ஆபத்து. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. வெந்துபோனதே காலையில்தான் தெரியும். மருந்து இல்லாமலே எரிச்சல் தானாக நின்றுபோனாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நரம்பு உணர்ச்சியை இழந்திருக்கலாம். தினமும் படுக்கும் முன் போன் டார்ச்சை அடித்து அவர்கள் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒரு தடவை பாருங்கள். கொப்புளமோ புண்ணோ இருந்தால் மறுநாளே டாக்டரிடம் போய்விடுங்கள்.